கிறீச்சிடும் பிரேக்கின் வாயை அடைக்காதீர்கள்

புத்தளம் கரையோரத்தில் கார் வைத்திருக்கும் எவரும் ஒரு வசனத்தைக் கேட்டிருப்பர்: "இந்தப் பக்கம் பிரேக் சத்தம் போடத்தான் செய்யும் சேர், உப்புக் காற்று!" இந்த வசனத்தில் பாதி உண்மை. மறுபாதி, ஆளைக் கொல்லக்கூடிய பொய். அந்த மறுபாதியோடுதான் எனக்குச் சண்டை.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு புறம் கடல், மறுபுறம் களப்பு. பாலாவிப் பக்கம் உப்பளங்கள். சோளகம் வீசும் மாதங்களில் உப்பும் மணலும் சேர்ந்தே பறக்கின்றன. பிரேக் தட்டோ பெரும்பாலும் வெறும் வார்ப்பிரும்பு. இரவு நிறுத்திய காரின் தட்டில் காலையில் செந்துரு படிந்திருக்கும். நான்கைந்து முறை பிரேக்கை மிதித்ததும் அது உரசி அகன்றுவிடும், சத்தமும் நின்றுவிடும். இதற்கு வைத்தியம் தேவையில்லை.

ஆனால் வீட்டிலிருந்து பத்து மைல் கடந்த பின்னும் நிற்காத கிறீச்சொலியை உப்புக் காற்றின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்? பல கார்களின் பிரேக் பாட்களில் சிறியதோர் உருக்குத் தகடு இருக்கிறது. பாட்டின் உராய்வுப் படை இரண்டு, மூன்று மில்லிமீற்றராகத் தேய்ந்ததும் அத்தகடு தட்டில் உரசிக் கிறீச்சிடும். சத்தமிட வேண்டும் என்பதற்காகவே வைக்கப்பட்ட நாக்கு அது. அதனை வளைத்துவிட்டு "சத்தம் போய்விட்டது" என்று காசு வாங்குவதைப் பழுதுபார்த்தல் என்று நான் ஏற்கமாட்டேன். செய்தி பிடிக்கவில்லை என்பதற்காகச் செய்தியாளனின் வாயைப் பொத்துவதை ஒரு தொழிலாகவே பார்த்துப் பழகியவன் நான். இதுவும் அந்த வகைதான்.

என் காரை ஒரு கராஜில் விட்டபோது பாட்களை அரத்தாளால் தேய்த்துத் திருப்பித் தந்தார்கள். சத்தம் அடங்கியது. பத்து நாளில் மீண்டும் வந்தது. வீட்டு முற்றத்தில் சக்கரத்தைக் கழற்றியபோது காரணம் கண்முன் கிடந்தது. வெளிப்பக்கப் பாட் பாதிக்கு மேல் மிச்சம். உட்பக்கப் பாட் இரும்புவரை தேய்ந்திருந்தது. கலிப்பர் நழுவ வேண்டிய ஊசிகள் துருவேறி இறுகியிருந்தன. உப்புக் காற்று செய்கிற மெய்யான கேடு இதுதான். சக்கரத்தின் இடைவெளியால் எட்டிப் பார்ப்பவருக்கு வெளிப்பாட் மட்டுமே தெரியும். உள்ளே இருப்பது தெரியாது.

சத்தம் அடங்கினால் போதும் என்ற நினைப்பின் விலை என்ன என்பதற்குப் பிரேக்கின் சரித்திரமே சாட்சி. 1902ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரெடெரிக் லாஞ்செஸ்டர் தட்டுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். செம்புப் பாட்கள் தட்டைப் பற்றியபோது எழுந்த ஓசை சகிக்க முடியாததாக இருந்தது. சில ஆண்டுகளில் ஹெர்பர்ட் புரூட் அஸ்பெஸ்ரஸ் படையைக் கொண்டு அதனைத் தணித்தார். காதுக்கு நிம்மதி; நுரையீரலுக்கு நஞ்சு. பிரித்தானியா அஸ்பெஸ்ரஸை முற்றாகத் தடைசெய்ய 1999 ஆகிற்று. பழைய படைகளில் அந்த நார் இருக்கக்கூடும். ஆதலால் பிரேக் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளும் வழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். ஈரத் துணியால் துடைப்பதே முறை.

நமது அரசாங்கத்தின் போக்கையும் பாருங்கள். 2008 முதல் வாகனப் புகைச் சோதனை நடக்கிறது. ஆண்டு வரிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்கிறார்கள். தனியார் காரின் பிரேக்கைக் கேட்பாரில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்தாண்டுகளும் பழைய கார்கள் மேலும் பழையனவாயின. பிரேக்கை யாரேனும் பார்த்தாக வேண்டும். அந்த யாரேனும் நீங்கள்தான்.

"பிரேக்கில் வீட்டில் கைவைக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பார்ப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டாம். சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, மறு சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ அண்டை கொடுங்கள். நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பின் ஜக்கால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மீது இறக்குங்கள்; ஜக்கை மட்டும் நம்பாதீர்கள். இரு பாட்களையும் அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவென்றால், அச்சின் இரு பக்கத்துப் பாட்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தட்டு எவ்வளவு மெலியலாம் என்பது பெரும்பாலும் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

படை போதிய அளவு இருந்தும் சத்தம் வந்தால், அது பாட்டின் அதிர்வு. ஊசிகளைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென விற்கப்படும் சூடு தாங்கும் கிறீஸைப் பூசுங்கள். பாட்டின் பின்புறத்திலும் அது அமரும் காதுகளிலும் அதே கிறீஸ் மெல்லியதாகப் போதும். உராயும் முகத்தில் ஒரு துளியும் படக்கூடாது. அங்கே எண்ணெய் தடவிச் சத்தத்தை நிறுத்துகிறவன் காரை நிறுத்தும் வலுவையும் சேர்த்தே நிறுத்துகிறான். வேலை முடிந்ததும், கார் அசையுமுன், மிதி இறுகும்வரை பல தடவை மிதியுங்கள்.

கிறீச்சொலி கரகரப்பாக மாறினாலோ, திரவம் கசிந்தாலோ, மிதி ஆழமாய் இறங்கினாலோ காரை ஓட்டாதீர்கள். அது தேர்ந்த பாஸின் வேலை. அப்படிப்பட்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றி, உட்பாட்டை உங்கள் கையில் தந்து காட்டுபவரே அவர்.

பாட் வாங்கப் பணமில்லை என்ற குறையை நான் அறிவேன். 2022இன் நெருக்கடி எவரையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் தேய்ந்த பாட் நாளை தட்டையும் தின்னும், செலவு இரட்டிக்கும். அதன்பின் கொடுக்க நேர்வதைக் காசால் எண்ண முடியாது. வீதியோரம் நடக்கும் பள்ளிப் பிள்ளைக்கு உப்புக் காற்றைக் காரணம் காட்டி எவரும் சமாதானம் சொல்லிவிட இயலாது.