கைநாட்டு கைவிலங்கல்ல!

“நீயே கையெழுத்துப் போட்டாய், இப்போது பேசுவானேன்?” மில் ஆபீசிலும் சரி, பண்ணையார் வீட்டுத் திண்ணையிலும் சரி, உரிமை கேட்டு நிற்கும் தொழிலாளிக்குக் கிடைக்கும் பதில் இதுதான். பத்திரத்தில் எழுதியதெல்லாம் வேதம் என்று நம் மக்களை நம்ப வைத்திருக்கிறார்கள். அது பொய். முதலாளிகள் போற்றும் சட்டத்தின்படியே அது பொய்.

1872-ல் பிரிட்டிஷ் சர்க்கார் இயற்றிய இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. அதன் 23-வது பிரிவு என்ன கூறுகிறது? ஒப்பந்தத்தின் நோக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டதாகவோ, மோசடியாகவோ, பொது நலனுக்கு விரோதமாகவோ இருந்தால் அது செல்லாது. கள்ளச் சரக்கைப் பங்கு போட இரண்டு வியாபாரிகள் பத்திரம் எழுதிக் கொண்டால், ஏமாந்தவன் அதை நீட்டிக் கோர்ட்டில் பங்கு கேட்க முடியாது. அப்படியிருக்க, சட்டவிரோதமான ஷரத்தை எழுதி வாங்கிய முதலாளி மட்டும் அதை எப்படி நிறைவேற்றலாம்?

முடியாது. சட்டப்படி சேரவேண்டிய கூலியைத் தொழிலாளியே விட்டுக் கொடுத்து எழுதினாலும் அது செல்லாது என்று 1936 கூலிப் பட்டுவாடாச் சட்டமும், 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் கூறின. அவற்றுக்குப் பதிலாகக் கொண்டு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் இந்த விதியை நீக்கத் துணியவில்லை.

ஆனால் நடந்தது என்ன? கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பு மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் ஏழை வீட்டுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். மாதக் கூலியைக் குறைத்து, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை தருவதாக ஆசை காட்டினார்கள். நோயால் இடையில் வீடு திரும்பிய பெண்கள் அந்தத் தொகையை இழந்தார்கள். உழைத்துச் சம்பாதித்த கூலியைப் பரிசு என்று பெயரிட்டுப் பிடித்து வைப்பது பகற்கொள்ளையல்லவா?

இன்னொரு தந்திரத்தையும் தோழர்கள் அறிய வேண்டும். “ஷரத்து செல்லாதென்றால் ஒப்பந்தமே இல்லை, கூலியும் இல்லை” என்பார்கள். ஏமாறாதீர்கள்! கூலியைக் குறைக்கும் ஷரத்துதான் விழும். செய்த வேலைக்குச் சட்டப்படியான கூலி நிற்கும்.

முன்பணம் வாங்கிச் செங்கல் சூளையிலும், அரிசி ஆலையிலும், கரும்புக் காட்டிலும் கட்டுண்டு கிடப்போருக்கு 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. கொத்தடிமைப் பத்திரம் செல்லாது. அந்தக் கடனும் ரத்து. அது கொத்தடிமைக் கடனல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது. கொத்தடிமை வேலை வாங்குபவனுக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு.

“யார் உன்னைக் கட்டாயப்படுத்தினார்கள்?” என்று கேட்பவர்களுக்கு 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு பதில் தந்தது. டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், பசியும் ஒரு கட்டாயமே என்றது; குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-வது ஷரத்து தடுக்கும் பலவந்த உழைப்பே என்று தீர்ப்பளித்தது. 1986-ல் இன்னொரு வழக்கில், நிரந்தர ஊழியரைக் காரணம் சொல்லாமல் மூன்று மாத நோட்டீசில் வெளியேற்றும் விதியையும் அதே கோர்ட்டு செல்லாதென்றது. வேறு வழியில்லாத பலவீனர்மீது பலசாலி சுமத்தும் அநியாய நிபந்தனை பொது நலனுக்கு விரோதம் என்பதே அதன் வாதம்.

ஆனால் சட்டப் புத்தகம் தானாக நடந்து மில் வாசலுக்கு வராது. தனியாக நிற்கும் தொழிலாளியிடம் பத்திரத்தை நீட்டுவான் முதலாளி. சங்கமாக நிற்கும் தொழிலாளியிடம் சட்டத்தை மதித்துப் பேசுவான். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், நகல் வாங்குங்கள், சங்கத்திடம் காட்டுங்கள்.

சர்க்காரிடம் நாம் கோருவது இது: ஒப்பந்தங்கள் தமிழில் இருக்க வேண்டும். நகல் தொழிலாளி கையில் சேர வேண்டும். கொத்தடிமை ஒழிப்புக் கண்காணிப்புக் குழுக்களில் சங்கப் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். சட்டவிரோத ஷரத்து எழுதுகிறவன் தண்டிக்கப்பட வேண்டும்.

கைநாட்டு வைத்த கை, கட்டப்பட்ட கையல்ல. அந்தக் கைகள் ஒன்று சேரட்டும்!