தவணையை எண்ணிவிட்டுக் கையெழுத்திடுங்கள்

அமெரிக்காவில் அரசுப் பள்ளியிலோ லாபநோக்கற்ற மருத்துவமனையிலோ முழுநேரம் வேலை பார்த்தபடி 120 மாதத் தவணை கட்டினால், மீதிக் கல்விக்கடன் தள்ளுபடி. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வாக்கு இது. ஆனால், மத்திய அரசே நேரடியாகத் தந்த 'டைரக்ட் லோன்' கடனுக்கு மட்டும்தான். 2010-க்கு முன் வங்கிகள் அரசு உத்தரவாதத்தோடு கொடுத்த பழைய கடன் என்றால், அதை ஒருங்கிணைப்புக் கடனாக மாற்றியே ஆகவேண்டும். மற்றவர்கள், பல கடன்களை ஒன்றாக்கும் இந்த ஒருங்கிணைப்புக்கு அவசரப்படக் கூடாது. 100 தவணை கட்டிய 20,000 டாலர் கடனை, 20 தவணையே கட்டிய இன்னொரு 20,000 டாலரோடு சேர்த்தால், கணக்கு சராசரியாகி 60-இல் நிற்கும். இருபது மாதத்தில் தீரவேண்டிய கடன் ஐந்தாண்டு இழுக்கும். நாற்பது மாத உழைப்பை ஒரு கையெழுத்து விழுங்கலாமா? இந்த எச்சரிக்கையை ஒருங்கிணைப்பு விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் அச்சிடுவது அரசின் கடமை.