திருஷ்டி கழிந்ததா?

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று நம்மிடம் ஒரு பழமொழி வழங்குகிறதல்லவா? அதை முதலில் சொன்ன மகானுபாவர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். வீடு கட்டுகிறவன் அவஸ்தைப்படத்தான் வேண்டும் என்று ஊரை நம்ப வைத்துவிட்டால், அந்த அவஸ்தையில் பாதி ஒருவருடைய அஜாக்கிரதையால் வந்ததென்று யார் கேட்கப் போகிறார்கள்?

இதைவிடப் பொல்லாத வார்த்தை இன்னொன்று உண்டு: "திருஷ்டி கழிந்தது." ஜல்லி லாரி பின்பக்கமாக வந்து மதிலைச் சாய்த்தால் திருஷ்டி. தேக்கு நிலை மழையில் கிடந்து முறுக்கிக்கொண்டால் திருஷ்டி. அப்படியானால், சாரத்தில் தொங்கும் பூசணிக்காயும் கோரைப்பல் பொம்மையும் என்ன உத்தியோகம் பார்க்கின்றன?

திருமுல்லைவாயிலில் நான் கட்டிவரும் சிறிய வீட்டில், கழிவுநீர்க் குழாய்க்கு வழிவிட வேண்டுமென்று உத்தரத்தை உளியால் கொத்தியிருக்கிறார்கள். வளையக் கம்பிகள் இரண்டு அறுந்திருந்தன. மேலே சிமெண்டைப் பூசி மறைத்துவிட்டு, "திருஷ்டி கழிஞ்சதுன்னு வெச்சுக்குங்க சார்" என்றார் ஒப்பந்தக்காரர். என் உறவினர்களோ, "அவரைப் பகைச்சுக்காதே, வேலையைப் பாதியிலே விட்டுட்டுப் போயிடுவார்" என்று எனக்கே புத்தி சொன்னார்கள்! கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். இழுப்பைத் தாங்கக் கம்பி. உத்தரம் சாய்வாக வெடிக்காமல் காக்க வளையங்கள். அதை அறுத்துவிட்டுப் பூசுவது, எலும்பு முறிந்த கைக்குப் பவுடர் போடுவது மாதிரிதான்.

போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த கூலியாட்கள். அந்த விபரீதத்தை என் உத்தரத்தோடு ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் இந்தப் பக்கத்து மனிதர்கள் விரிசலைப் பார்த்துத் திருஷ்டி என்கிறார்களே!

சட்டம் இல்லாமல் இல்லை. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே, அதில் குறை இருந்தால் நுகர்வோர் வழக்காடலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் ஐந்து வருஷப் பாதுகாப்புத் தருகிறது. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுகிறவனுக்கோ அந்தக் குடை இல்லை. அவனுக்கு ஒப்பந்தப் பத்திரமே கதி. நம்மில் எத்தனை பேர் அதை எழுதிக்கொள்கிறோம்? ஒரு டைரித் தாளில் சதுர அடி விலையைக் குறித்துக்கொண்டு காப்பி சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம்.

எங்கள் ஊர் மாசிலாமணீசுவரர் கோயில் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். யானையின் காலைச் சுற்றிய முல்லைக் கொடியைத் தொண்டைமான் வாளால் வெட்ட, அது லிங்கத்தின் மேல் பட்டு ரத்தம் பெருகியதாம். அரசன் பதறித் தன்னையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தான். பிறகு கோயிலைக் கட்டினான். அந்தக் காயத்துக்காக இன்றும் சந்தனம் சாத்துகிறார்கள். வெட்டியவன் நான்தான் என்று ஓர் அரசன் ஒப்புக்கொண்ட ஊர் இது!

நான் கடைசித் தவணையை நிறுத்தி வைத்துவிட்டேன். வெளியிலிருந்து ஓர் எஞ்சினீயரை அழைத்து வந்து, பூச்சைக் கொத்திப் பார்த்துப் படம் எடுத்து, எழுத்தில் அறிக்கையும் வாங்கினேன். அதைக் கண்டதும் ஒப்பந்தக்காரர் இறங்கி வந்தார். "கொத்தின பையன் கூலியிலே பிடிச்சுக்கறேன் சார், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். எனக்கு வந்த கோபம் இந்தச் சமயம்போல் எப்போதும் வந்ததில்லை. குழாய் எந்த வழியாகப் போக வேண்டுமென்று அந்தப் பையனுக்கு யார் சொன்னார்கள்? வரைபடத்தை அவன் கண்ணில் காட்டியதுண்டா? லாபம் வரும்போது ஒப்பந்தக்காரர், நஷ்டம் வரும்போது சித்தாளா? அவன் கூலியில் ஒரு காசு குறைந்தாலும் பாக்கித் தொகையை மறந்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. வேலை இன்னும் ஆரம்பமாகவில்லை.