வீட்டுத் தோட்டம்: பப்பாசிக் காயில் கட்டிகளா?

சைத்தூன் மரத்தை நம் வளவில் நட்டால் காய்க்குமா என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. மரம் வளரலாம். ஆனால், அது பூப்பதற்குப் பல வாரக் குளிர் வேண்டும்; வன்னியில் அந்தக் குளிர் இல்லை. எனினும், மத்தியதரைக் கடல் நாடுகளில் சைத்தூனுக்குச் செய்யும் ஒரு பராமரிப்பு நமக்கும் உதவும். பூ விரியுமுன் போரன் என்ற நுண்போசணையை நீரில் கரைத்து இலையில் விசிறுவார்கள். பூ உதிராமல் காயாவதற்கு அது துணை செய்கிறது.

நம் பக்கத்தில் இக்குறையைத் தெளிவாகக் காட்டும் மரம் பப்பாசி. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் திரும்பிய குடும்பங்களுக்குத் தென்னையும் மாவும் பலன் தரப் பல வருடங்கள் பிடிக்கும். பப்பாசியோ 9 மாதமளவில் கைக்குக் காசு தரும். அந்தக் காய் கட்டி கட்டியாய்ப் புடைத்திருந்தால் வியாபாரி ஒதுக்கிவிடுவார்.

போரன் குறைந்தால் பூ உதிரும். பிஞ்சின் தோலில் பால் கசியும். காய் மேடு பள்ளமாகும், விதை சரியாக முற்றாது, இனிப்பும் குறையும். கரையோர மணலில் மாரி மழை போரனைக் கழுவிச் செல்கிறது. கோடையில் மண் காய்ந்தால், இருக்கும் போரனும் வேருக்கு எட்டாது. ஆகவே முதல் மருந்து தண்ணீரும் மக்கிய சாணமும்தான். அடியில் சருகு மூடாக்கும் இடுங்கள்.

அடுத்தது விசிறல். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பப்பாசிக்குச் சொல்லும் அளவு இது: ஒரு லீற்றர் தண்ணீருக்கு நாக சல்பேற்று 5 கிராம், போரிக் அமிலம் 1 கிராம். நட்ட 4ஆம் மாதமும் 8ஆம் மாதமும் விசிற வேண்டும். முதலில் ஒரு மரத்தில் விசிறி, இலை கருகுகிறதா என்று சில நாள் பாருங்கள். வெயில் தணிந்த மாலை நேரமே நல்லது.

கவனிக்க வேண்டியவை:

1. அளவு கூடினால் போரனே மரத்துக்கு நஞ்சாகும். கண்ணளவில் போடாமல் நிறுத்துப் போடுங்கள்.

2. போரிக் அமிலம் பார்வைக்கு மாவு போலிருக்கும். சமையலறையில் வைக்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கலக்கிய பாத்திரத்தை வேறெதற்கும் எடுக்கக் கூடாது.

3. ஏற்கெனவே புடைத்த காய் சீராகாது. பின்னால் வரும் பிஞ்சுகளில்தான் பலன் தெரியும்.

4. காயில் வளைய வளையமாகப் புள்ளிகள், இலையில் மஞ்சள் தேமலும் சுருக்கமும் கண்டால் அது வைரஸ் நோய். அதற்கு விசிறல் உதவாது. மரத்தைப் பிடுங்கி அழிப்பதே மற்ற மரங்களுக்குப் பாதுகாப்பு.

இரண்டில் எது என்று சந்தேகமாயின், ஒரு காயையும் இலையையும் எடுத்துக்கொண்டு உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போய், விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். மருந்துக்குக் காசு கொடுப்பது அதன் பிறகு இருக்கட்டும்.