நெரிசலில் மட்டும் கொதிக்கும் கார்... எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: வீட்டில் இருப்பது 12 வருடப் பழைய டீசல் கார் ஒன்றுதான். மாதம் இரண்டு தடவை அம்மாவைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அதில்தான் கூட்டிப்போக வேண்டும். கயத்தாறிலிருந்து நாற்கரச் சாலையில் ஓடும்வரை ஒரு தொல்லையும் இல்லை. வண்ணார்பேட்டை நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கோட்டுக்குப் போய்விடுகிறது. ‘ஹெட் கேஸ்கட் போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும்’ என்கிறார்கள். உளுந்து விற்ற பணம் மொத்தமும் அதற்கே போய்விடும் போலிருக்கிறது. வேறு வழி உண்டா?
- வாசகர், கயத்தாறு

பதில்: எஞ்சினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஓடும்போது சூடாகாமல், நிற்கும்போது மட்டும் சூடாகிறது என்பதே முக்கியமான தடயம்.

எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்று பட்டு ஆறுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். நின்றுவிட்டால் காற்றை இழுக்க விசிறி ஒன்றுதான் கதி. ஆகவே, நின்றால் மட்டும் சூடாகும் வண்டியில் முதல் சந்தேகம் விசிறி மீதுதான். நின்றால் சரியாக இருந்து, வேகமாக ஓடும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் ஓட்டக் குறைவு போன்றவற்றைச் சந்தேகிக்கலாம்.

விசிறிச் சோதனை

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் அளவைச் சரிபார்த்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடவும். பெரும்பாலான கார்களில் உடனே ரேடியேட்டர் விசிறி சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. பிறகு ஏசியை நிறுத்திவிட்டு, முள்ளைப் பார்த்தபடி வண்டியை நின்ற இடத்திலேயே ஓட விடவும். முள் நடுவைத் தாண்டியும் விசிறி சுற்றவில்லை என்றால் எஞ்சினை அணைத்துவிடவும். சூட்டை உணர்ந்து விசிறியைப் போடும் சென்சார் அல்லது அதன் ஒயரில்தான் கோளாறு இருக்கும். சில கார்களில் ஏசிக்குத் தனி விசிறி உண்டு. அவற்றில் எது சுற்றுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏசி போட்டும் சுற்றவில்லையா? முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. அதே எண்ணுள்ள வேறு ரிலே பெட்டியில் இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம். அதிலும் சுற்றாவிட்டால், ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லி விசிறி மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரன்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லவும். நேரடியாகக் கொடுத்தும் ஓடாவிட்டால் மோட்டார்தான் பழுது. மெதுவாகச் சுற்றினாலும் பழுதுதான். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

எஞ்சினை அணைத்த பிறகும் சில வண்டிகளில் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும். கை, துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் அருகில் போகக் கூடாது.

தூசியும் உப்புத் தண்ணீரும்

விசிறி நன்றாகச் சுற்றியும் சூடானால், காற்று புக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரிசல் புழுதி, பூச்சி, சாலையில் காயப்போட்ட உளுந்துச் செடியின் தும்பு, பருத்திப் பஞ்சு எல்லாம் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். ஏசி உள்ள காரில் முன்னால் இருப்பது ஏசியின் கண்டன்சர். ரேடியேட்டர் அதற்குப் பின்னால் இருக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் குப்பை அதிகம் சேரும். எஞ்சின் ஆறிய பிறகு, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரை நெருக்கத்தில் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

அடுத்தது உள்ளே ஊற்றும் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டும் போர் தண்ணீரை ஊற்றினால், ரேடியேட்டர் குழாய்களிலும் அதே படிவு கட்டும். வழியில் அவசரத்துக்குக் கிடைத்த தண்ணீரை ஊற்றலாம், தவறில்லை. ஆனால் ஊர் வந்ததும் அதை இறக்கிவிட்டு, வண்டிக்குச் சொல்லப்பட்ட கூலன்டை டிஸ்டில்டு வாட்டருடன் கலந்து ஊற்ற வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் பேட்டரி கடைகளில் கிடைக்கும்.

இறக்கிய பழைய கூலன்டைத் தொழுவத்திலோ வாசலிலோ கொட்டக் கூடாது. அது இனிக்கும்; ஆனால் விஷம். ஆடு, மாடு, நாய் நக்கினாலும் குழந்தைகள் வாயில் வைத்தாலும் உயிருக்கே ஆபத்து.

மூடியும் தெர்மோஸ்டாட்டும்

ரேடியேட்டர் மூடி குக்கர் மூடி மாதிரி. அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியேறிவிடும். சிறிய செலவுதான், மாற்றிவிடலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அது தீர்வு இல்லை. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் செலவு கூடும். கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால், தண்ணீர் கொதிக்கும் முன்பே அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது போடவும்.

ஹெட் கேஸ்கட் என்றால்...

அதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. ஒழுக்கு எதுவும் கண்ணில் படாமலே தண்ணீர் குறையும். எஞ்சின் சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது. ஆயில் பால் கலந்த டீ போல மாறும். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால், ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரும். இவற்றில் எதுவும் இல்லை என்றால், விசிறியைச் சரிபார்க்காமல் எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று: சிவப்புக்கோட்டுக்குப் போன முள்ளோடு திரும்பத் திரும்ப ஓட்டினால், இன்று நன்றாக இருக்கும் கேஸ்கட்டும் நாளை போய்விடும். அதனால் கோளாறைச் சரிசெய்யும்வரை அம்மாவை பஸ்ஸிலோ வேறு வண்டியிலோ கூட்டிப்போவது நல்லது.

நடுவழியில் சூடானால்...

சாலைப்புதூர் சுங்கச்சாவடி வரிசையோ, திருநெல்வேலி நெரிசலோ, எங்கே முள் ஏறத் தொடங்கினாலும் முதலில் ஏசியை நிறுத்தவும். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிட்டால், எஞ்சின் சூட்டில் கொஞ்சம் வண்டிக்குள் வந்து இறங்கும். முள் சிவப்பை நெருங்கினால் ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடித்துவிடும். அரை மணி நேரமாவது பொறுத்து, மேல் ஹோஸ் நன்றாக ஆறியிருந்தால் மட்டும் தடித்த துணி போட்டு மெதுவாகத் திறக்கவும். சூடான எஞ்சின் மீதும், உள்ளேயும் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

உளுந்து, மக்காச்சோளம் அடிக்கும் டிராக்டருக்கும் இதே கணக்குதான். களத்தில் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் ஓடுகிறது, சுற்றிலும் தூசி. எஞ்சினை அணைத்துவிட்டு ரேடியேட்டர் வலையில் ஒட்டிய தும்பை அவ்வப்போது தட்டிவிட வேண்டும். விசிறி பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டால், அறுவடை நேரத்தில் வண்டி காலை வாராது.