வழிச்செலவில் இணையம்

நெல்லைச் சீமையில் வழிப்பயணம் புறப்படுவோர் பண்டைக் காலத்தில் கட்டுச்சோற்று மூட்டையையே நம்பினர். புளிச்சோறு எத்தனை நாள் தாங்கும், நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும், எவ்வூர்ச் சாவடியில் இராத்தங்கலாம் என்பனவற்றையெல்லாம் வீட்டுப் பெரியோர் முன்னரே எண்ணிச் சொல்லியனுப்புவர். இக்காலத்து மாணவராகிய யாம் சோற்றைப் பற்றி அத்துணைக் கவலை கொள்வதில்லை. பரோட்டாக் கடை இல்லாத ஊர் இவ்வாற்றங்கரையில் அரிது. எம் கவலையெல்லாம் இணையத்தைப் பற்றியதே. ஆயினும், கட்டுச்சோற்றுக்கு முன்னோர் போட்ட கணக்கில் நூற்றில் ஒரு பங்கேனும் இணையத்துக்கு யாம் போடுவதில்லை. ரீசார்ஜ் கடைக்காரர் காட்டிய திட்டத்துக்குப் பணத்தைக் கொடுத்து, 'நாளொன்றுக்கு 2 ஜி.பி.' என்னுஞ் சொல்லில் மயங்கிப் புறப்பட்டுவிடுகின்றோம். இது தவறென்பதும், இத்தவற்றுக்கு எம் பேதைமை பாதி காரணமாயின், கட்டணத் திட்டங்களின் அமைப்பு மற்றப் பாதி என்பதும் ஈண்டு யாம் கூறவந்தவை.

2026ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறையில், தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் எண்மர், பொருநையாற்றங்கரை ஊர்களில் வாழும் முதிய வில்லுப்பாட்டுக் கலைஞர்களைக் கண்டு அவர்தம் பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்யவும், வீடுகளிற் கிடக்கும் பழங் கையெழுத்துப் படிகளைப் படமெடுக்கவும் மூன்று நாட் செலவு மேற்கொண்டோம். (செலவு என்னும் ஒரு சொல்லே போதலையும் பொருள் அழிதலையும் குறிப்பது எத்துணைப் பொருத்தம் என்பது மூன்றாம் நாள் எமக்கு விளங்கிற்று.) எண்மர் கைப்பேசிகளுக்கும் தனித்தனியே டேட்டாப் போட எம்மிடம் பணமில்லை. ஆதலின், தோழர் ஒருவரின் அண்ணனிடம் கையடக்க ரவுட்டர் ஒன்றை இரவல் பெற்று, புதிய சிம் ஒன்றை அதனுள் இட்டு, இருபத்தெட்டு நாளுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. என்னும் திட்டத்தைப் போட்டுக்கொண்டோம். மொத்தம் 56 ஜி.பி.! மூன்று நாளில் இதைத் தீர்ப்பது எங்ஙனம் என்று நகைத்தவருள் யாமும் ஒருவர்.

முதல் நாள் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுப் பக்கம் சென்றோம். மலைகளின் மறைவில் அலை எட்டவில்லை. ரவுட்டரின் விளக்கு நாள் முழுதும் சிவந்தே நின்றது. அன்றைய 2 ஜி.பி.யும் நள்ளிரவில் ஒருவருக்கும் பயனின்றி மாய்ந்தது. இரண்டாம் நாள் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாக இறங்கித் திருவைகுண்டம் சேர்ந்தபொழுது மாலையாயிற்று. எம்முள் ஒருவர்க்கு அன்றிரவு பன்னிரண்டு மணியே ஓர் உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி. அவர் தந்தையார் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். அத்தொகை கிட்டாவிடின் அடுத்த ஆண்டுப் படிப்பே ஐயத்துக்கிடம். எட்டு மணிக்கு அவர் விண்ணப்பத்தைத் திறந்தார். பக்கம் திறக்கவில்லை. அன்றைய அளவு முற்றுந் தீர்ந்து, வேகம் 64 கிலோபிட் என்னும் நிலைக்கு இறங்கியிருந்தது.

64 கிலோபிட் என்பது யாது? ஒரு நொடிக்கு எட்டுக் கிலோபைட். சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் மூன்றும் சேர்ந்து ஐந்து எம்.பி. எனின், ஒரு தடையுமின்றி ஏறினாலும் பத்து நிமிடத்துக்கு மேலாகும். விண்ணப்பப் பக்கமோ அத்துணைப் பொறுமையுடையதன்று. பாதியிலேயே 'மீண்டும் உள்நுழைக' என்று கூறித் தொடக்கத்துக்குத் தள்ளிவிட்டது. 'அளவு தீர்ந்த பின்னரும் இணையம் உண்டு' என்று திட்டத்தில் எழுதியிருப்பது பொய்யன்று. ஆயினும் அதனால் ஆகும் பயன் இவ்வளவே. மேல்வைப்பாக ஒரு ஜி.பி. வாங்கலாமெனின், கடைகள் அடைத்துவிட்டன. ஊருக்குப் பேசி வீட்டாரைக் கொண்டு போடச் சொல்லலாமெனின், புதிய சிம்மின் எண்ணை ஒருவரும் குறித்து வைத்திலர்!

பழி ஒருவர் தலையில் விழவேண்டுமன்றோ? எம்முள் கிரிக்கெட் பித்துடைய நண்பர் ஒருவர் உளர். பேருந்தில் ஆட்டம் பார்த்தே அவர் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார் என்று எழுவரும் ஒரே குரலாய் அவரைச் சாடினோம். அவர் மறுத்துரைத்தார், பின்னர் வாய் மூடித் திண்ணையில் போய் உட்கார்ந்தார். யாம் தங்கியிருந்த வீட்டுப் பாட்டியார் கூச்சலைக் கேட்டு வந்து, "ஏன் மக்களே, என்ன சண்டை?" என்று வினவி, தம் பேரனை எழுப்பி அவன் கைப்பேசியைக் கொடுக்கச் செய்தார். அது வேறொரு நிறுவனத்தின் இணைப்பு. பதினொன்றே முக்கால் மணிக்கு விண்ணப்பம் ஏறிற்று.

மறுநாட் காலை கைப்பேசிகளை ஆராய்ந்தபொழுது உண்மை வெளிப்பட்டது. ரவுட்டரின் வழி வரும் இணையத்தைக் கைப்பேசி வீட்டு வை-பை என்றே கொள்ளும். வை-பை கிடைத்தவுடன், எடுத்த படங்களையெல்லாம் சேமிப்பகத்துக்கு ஏற்றுதலும், செயலிகளைப் புதுப்பித்தலும் அதன் இயல்பு. முதல் நாள் மலையில் அலையின்றித் தேங்கிக் கிடந்த படங்கள், சமவெளியில் அலை கிடைத்த மாத்திரத்தில் எட்டுக் கைப்பேசிகளிலிருந்தும் ஒருங்கே ஏறத் தொடங்கின. கிரிக்கெட் நண்பர் பார்த்தது ஓட்ட எண்ணிக்கை மட்டுமே. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம், அவர் சிரித்தார், எமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ரவுட்டரோடு செல்வோர் அறியவேண்டுவன சில இதிலிருந்து பெறப்படும். கைப்பேசியின் வை-பை அமைப்பில் அவ்விணைப்பை 'அளவிடப்படுவது' என்று குறித்துவிடலாம். ஐபோனில் 'குறைந்த டேட்டா' என்னும் முறை உண்டு. இதைச் செய்ய ஒரு நிமிடம் ஆகாது. சிம்மின் எண்ணை ரவுட்டரின் முதுகில் எழுதி ஒட்டுதல் வேண்டும். ஒருவரோ இருவரோ செல்வதாயின் ரவுட்டரே வேண்டியதில்லை. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் போதும். ஐவர்க்கு மேற்படின், கைப்பேசியின் மின்கலம் அரைநாளிற் சோர்ந்துவிடுமாதலின், ரவுட்டர் தக்கதே.

திட்டத்தின் விலையை நோக்குமுன் அலையை நோக்குதல் வேண்டும் என்பது எம் உறுதியான கருத்து. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் ஆகிய தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் செல்லும், சுவரையும் ஊடுருவும். 2300, 3500 ஆகியன மிகுதியாகச் சுமக்கும். ஆயின் தொலைவு எட்டா. பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் விரைந்தோடும் இணைப்பு காரையாற்றில் ஊமையாவதற்கு மலை ஒரு காரணம், அலைவரிசை மற்றொரு காரணம். 2025 செப்டம்பர் 27ஆம் நாள் பி.எஸ்.என்.எல். உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜி அமைப்பு நாட்டுக்கு வழங்கப்பெற்றது. அது 700 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துவது; ஆனால் பழைய சிறு ரவுட்டர்கள் பலவற்றுக்கு அவ்வலைவரிசை தெரியாது. சிம் நல்லதாயிருந்தும் பெட்டி செவிடாயிருப்பின் என் செய்வது? ஒரு நிறுவனத்தின் பெயரோடு விற்கப்படும் பெட்டிகளுட் சில பிறர் சிம்மை ஏற்பதேயில்லை என்பதும் வாங்குமுன் கேட்டறியத்தக்கது. அலை எட்டும் இடங்களைக் காட்டும் நிலப்படத்தை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிடல் வேண்டும் என்று 2024ஆம் ஆண்டின் தர விதிகளில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ளது. அதைப் பார்த்தல் நன்று. அவ்வூர்த் தேநீர்க்கடையில் கேட்டல் அதனினும் நன்று.

இனித் திட்டங்களின் அமைப்பைப் பற்றிச் சிறிது வெளிப்படையாகப் பேசுவாம். 2024 ஜூலை 3ஆம் நாள் ஜியோ நிறுவனம், இருபத்தெட்டு நாளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் திட்டத்தை 239 ரூபாயிலிருந்து 299 ஆக உயர்த்திற்று. ஏறத்தாழக் காற்பங்கு ஏற்றம். ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் அவ்வாரத்திலேயே உயர்த்தின. விலையேற்றத்தை யாம் பெரிதும் குறை கூறவில்லை; கோபுரம் நாட்டவும் அலைவரிசை ஏலம் எடுக்கவும் பொருள் வேண்டும். எமக்கு உறுத்துவது நாட்கணக்கே. வழிப்போக்கன் நாள்தோறும் ஒரேயளவு உண்பவனல்லன். ஒரு நாள் மலையில் ஒன்றுமில்லை. மறுநாள் ஊரில் மூன்று பங்கு வேண்டும். அவனுக்கு நள்ளிரவில் அழியும் சோற்றை விற்றல் முறையோ? நாள்தோறும் சோறு போடுவோம், மிச்சத்தை மூட்டை கட்டக் கூடாது என்னும் அன்னசத்திரத்தை யாம் கண்டதில்லை. மாதம் என்பது இருபத்தெட்டு நாளாய்ச் சுருங்கியமையால், ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை செலுத்தவேண்டுவது பதின்மூன்று முறை ஆயிற்று என்பதையும் நினைக்க.

இவ்விடத்து ஆணையம் வாளாவிருந்ததென்று கூறுதல் நியாயமன்று. 2022 ஜனவரியில், முப்பது நாட் திட்டம் ஒன்றேனும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்தல் வேண்டும் என்று ஆணையிட்டது. 2024 டிசம்பரில், இணையம் வேண்டாதார்க்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டுமுடைய சீட்டு ஒன்றேனும் தருதல் வேண்டும் என்று விதித்து, அத்தகு சிறப்புச் சீட்டுக்களின் காலவெல்லையை 90 நாளிலிருந்து 365 நாள் வரை நீட்டிற்று. பேச்சு மட்டும் வேண்டுவோர்க்கு ஒரு வழி செய்த ஆணையம், டேட்டா மட்டும் வேண்டும் ரவுட்டர்க்காரர்க்கும் ஒரு வழி செய்யலாகாதோ? இப்பொழுதோ, மொத்த அளவாக விற்கப்படும் டேட்டாச் சீட்டுக்கள் பெரும்பாலும் அடிப்படைத் திட்டம் ஒன்றன்மேல் ஏறி நிற்பன. அடித்திட்டம் முடிந்தால் அவையும் செல்லா. பேசவே இயலாத பெட்டிக்குள் கிடக்கும் சிம்முக்கு 'அளவற்ற பேச்சு' என்பதற்கும் சேர்த்துப் பணம் கட்டுகின்றோம். அதற்காகப் பயணமில்லாத காலத்தில் ஒன்றுமே போடாது விட்டாலோ, 90 நாள் பயனின்றிக் கிடந்த எண்ணைத் துண்டித்துவிடலாம். மிஞ்சியதை வாரவிறுதிக்கு எடுத்துச் செல்லும் வசதியை வோடபோன் ஐடியா தன் திட்டங்கள் சிலவற்றில் வைத்தது. அது இயலுமாயின், திட்டம் முடியும் நாள் வரை எடுத்துச் செல்லுதலும் இயல்வதே. இது மாணவர்க்கு மட்டும் உரிய குறையன்று. சந்தை சந்தையாய்ப் போகும் வணிகர்க்கும், லாரி ஓட்டுநர்க்கும் இதுவே குறை.

இரண்டு நிறுவனங்களின் சிம் வேண்டும் என்று யாம் சொன்னால், ஒன்றுக்கே வழியில்லாதவனிடம் இரண்டா என்று சிலர் வினவலாம். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களை இப்பள்ளத்தாக்கினர் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை கொட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் திருவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுவிட்டது. மின்சாரம் அற்றது, பல ஊர்களில் தொலைபேசித் தொடர்பும் அற்றது. அத்தகைய நாளில் இரண்டு சிம்மும் ஒருங்கே ஊமையாதல் கூடும் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் எல்லாக் கோபுரமும் ஒரே பொழுதில் சாய்வதில்லை. 2025 ஜனவரியில், டிஜிட்டல் பாரத் நிதியில் எழுந்த 4ஜி கோபுரங்களில் எந்நிறுவனத்துச் சிம்மும் மற்றதன் அலையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை ஒன்றிய அரசு தொடங்கிற்று. அவ்வேற்பாடு பொதுப் பணத்தில் எழுந்த கோபுரங்களோடு நில்லாமல், மாஞ்சோலை, காரையாறு போன்ற மலைப் பகுதிகளிலும் வெள்ளம் சூழும் கடைமடை ஊர்களிலும் எல்லாக் கோபுரங்களுக்கும் விரியுமாயின், ஏழைக்கு ஒரு சிம்மே போதும். அதுவரை, எண்மர் செல்லும் கூட்டத்தில் ஒருவரேனும் வேறு நிறுவனத்தின் இணைப்பைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். திருவைகுண்டத்தில் எம்மைக் காத்தது பாட்டியாரின் பேரன் வைத்திருந்த அந்த இரண்டாம் சிம்மே.

அவ்வுதவித்தொகையின் முடிவு இன்னும் வரவில்லை. வருகின்ற கோடையில் ஏரல் முதல் புன்னைக்காயல் வரை, விட்டுப்போன ஊர்களுக்கு மீண்டும் செல்ல எண்ணியுள்ளோம். ரவுட்டர் இம்முறை கிரிக்கெட் நண்பரின் பொறுப்பு. அவர் அதன் முதுகில் எண்ணை எழுதி ஒட்டிவிட்டார்.