சாதனங்களுக்கு இட்ட வேலி: உண்டா, இயங்குகிறதா?

ஹூக்ளி ஆற்று வண்டலைக் கொண்டு 1960-களில் மேடாக்கப்பட்ட சதுப்பு நிலத்தின் மீது எழுந்தது கொல்கத்தாவின் சால்ட் லேக் நகரம். அங்குள்ள சத்யேந்திரநாத் போஸ் தேசிய அடிப்படை விஞ்ஞான மையத்திற்கென அமைந்த ‘பரம் ருத்ரா’ என்னும் மீத்திறன் கணிப்பொறி 2024 செப்டம்பர் 26-ஆம் நாள் நாட்டிற்கு அர்ப்பணிக்கப் பெற்றது. புனே, டெல்லி ஆகிய இடங்களுக்கான இரு கணிப்பொறிகளையும் சேர்த்து ஆன செலவு சுமார் 130 கோடி ரூபாய். இவற்றுக்கு அடிப்படையான ருத்ரா சர்வரை ஸி-டாக் நிறுவனத்தார் உள்நாட்டிலேயே வடிவமைத்தனர். அந்நிறுவனத்தின் கொல்கத்தா மையமும் சால்ட் லேக்கிலேயே உள்ளது. இத்தகைய யந்திரங்களை உள்நாட்டில் சமைக்கும் ஆற்றல் வந்துவிட்ட இந்நாளில், அவற்றைச் சோதித்தறியும் பழக்கமும் உடன் வளர வேண்டும். பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒரு சோதனை, இணைக்கப்பட்ட சாதனங்களின் தனிமைப்பாட்டைப் பற்றியது.

வலையமைப்பு அட்டை, வட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி, கிராபிக்ஸ் அட்டை முதலிய சாதனங்கள் வேகம் கருதி, பிராசசரின் உதவியின்றித் தாமே நினைவகத்தில் எழுதவும் படிக்கவும் செய்கின்றன. இதற்கு டி.எம்.ஏ., அதாவது நேரடி நினைவக அணுகல், என்று பெயர். பயனாளர் ஒருவரின் நிரல் மற்றொருவரின் தரவைத் தொடாதபடி இயக்க அமைப்பின் உட்கருவாகிய கெர்னல் காத்து நிற்கிறது. ஆனால் சாதனம் ஒன்று கொல்லைப்புறமாகப் புகுந்தால் அக்காவல் பயன்படாது. பழுதுற்ற அட்டையோ, தீய நோக்குடன் செருகப்பட்ட கருவியோ கெர்னலின் நினைவகத்தையே படிக்கவும் சிதைக்கவும் கூடும்.

இந்த அபாயத்தைத் தடுக்க வந்ததே ஐ.ஓ.எம்.எம்.யூ. என்னும் உறுப்பு. பண்டகசாலைக் காப்பாளர் கோரிக்கைச் சீட்டில் கண்ட பொருளை மட்டும் வழங்குவது போல, இவ்வுறுப்பு கெர்னல் எழுதிக் கொடுத்த அட்டவணையில் உள்ள முகவரிகளை மட்டும் சாதனத்திற்குத் திறந்து விடுகிறது. ஏனைய கோரிக்கைகளை மறுக்கிறது. இண்டெல் நிறுவனத்தார் இதனை வி.டி.-டி என்றும், ஏ.எம்.டி. நிறுவனத்தார் ஏ.எம்.டி.-வி.ஐ. என்றும் வழங்குகின்றனர்.

விலைப்பட்டியலில் இப்பெயரைக் கண்டதும் பாதுகாப்பு வந்துவிட்டது எனப் பலர் மனநிறைவு கொள்கின்றனர். அது சரியன்று. உறுப்பு பிராசசரில் இருக்க வேண்டும். பயாஸ் அமைப்பில் அது திறக்கப்பட்டிருக்க வேண்டும். கெர்னல் அதனை ஏற்று நடத்த வேண்டும். மூன்றில் ஒன்று தவறினும் வேலி இல்லை. இண்டெல் பிராசசர் கொண்ட யந்திரங்களில், துவக்கக் கட்டளையில் தனியே குறித்தாலன்றி இவ்வுறுப்பை இயக்காத லினக்ஸ் வெளியீடுகளும் உண்டு.

சோதிக்கும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். லினக்ஸ் துவங்கும்போது எழுதும் குறிப்பேட்டில் ‘ஐ.ஓ.எம்.எம்.யூ. இயக்கப்பட்டது’ என்னும் பொருள்பட ஒரு வரி தோன்றுவதுண்டு. இண்டெல் யந்திரங்களில் அவ்வரி, துவக்கக் கட்டளையைக் கெர்னல் படித்தது என்பதற்கு மட்டுமே சான்று. உறுப்பே இல்லாத யந்திரத்திலும் அது தோன்றலாம். இதைவிட நம்பத்தக்க சான்று, கெர்னல் தன் நிலையைக் காட்டும் ‘சிஸ்’ கோப்பகத்தில் ஐ.ஓ.எம்.எம்.யூ. குழுக்களுக்கென உள்ள பகுதி. அது வெறுமையாயின் வேலி இயங்கவில்லை. குழுக்கள் இருப்பின், ஒவ்வொன்றின் வகையையும் காண வேண்டும்: ‘ஐடென்டிட்டி’ என்றிருந்தால், அக்குழுவின் சாதனங்கள் முகவரி மாற்றமின்றி நேரே செல்ல விடப்பட்டுள்ளன என்பது பொருள். மேலும், ஒரே குழுவில் அடங்கிய சாதனங்கள் ஒன்றுக்கொன்று தனிமைப்பட்டவை எனக் கொள்ளலாகாது.

இவை வீண் ஐயங்கள் என்பார்க்கு 2019-ஆம் ஆண்டு வெளிவந்த ‘தண்டர்கிளாப்’ ஆராய்ச்சி விடை கூறும். கேம்பிரிட்ஜ், ரைஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களும் பிறரும், வலையமைப்பு அட்டை போல் நடிக்கும் ஒரு கருவியைக் கொண்டு பல இயக்க அமைப்புகளைச் சோதித்தனர். சில அமைப்புகள் இவ்வுறுப்பைப் பயன்படுத்தவே இல்லை. பயன்படுத்தியவையும் போதிய கண்டிப்புடன் பயன்படுத்தவில்லை.

வேகம் குறையும் என்னும் ஆட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒவ்வொரு முகவரியையும் ஒப்பிட நேரம் செல்லும். பெருங் கணக்கீடுகளில் அது புலப்படும். பூட்டிய அறையில், நம்பிக்கைக்குரிய அட்டைகளுடன் மட்டும் இயங்கும் யந்திரத்தில் இக்காவலைத் தளர்த்துவதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் அது தெரிந்து செய்த முடிவாயிருக்க வேண்டும். பொறுப்பாளர் கையொப்பத்துடன் பதிவேட்டில் ஏற வேண்டும். எவரும் பாராததால் திறந்து கிடக்கும் கதவும், காரணத்தோடு திறந்து வைத்த கதவும் ஒன்றாகா.

ஆகவே பொதுப் பணத்தில் வாங்கும் கணிப்பொறி எதுவாயினும், அதனை ஏற்றுக்கொள்ளும் சான்றிதழில் பயாஸ் நிலை, கெர்னலின் பதிப்பு, குழுக்களின் எண்ணிக்கை, அவற்றின் வகை ஆகிய நான்கும் இடம்பெறுதல் நன்று. கெர்னல் புதுப்பிக்கப்படும் போதும், தாய்ப்பலகை மாற்றப்படும் போதும் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். எவரும் வந்து கருவியைச் செருகக்கூடிய இடங்களில் கணிப்பொறி வைத்திருக்கும் வெளிக்கள ஊழியர்க்கு இது மீத்திறன் கணிப்பொறி மையங்களைவிட இன்றியமையாதது.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. லினக்ஸ் நிறுவிய பள்ளிக் கணிப்பொறி ஒன்று போதும். தனிச் செலவு இல்லை. பயாஸில் உறுப்பை மூடியும் திறந்தும் துவக்கி, இரு முறையும் கெர்னல் காட்டுவதை ஒப்பிட்டு எழுதச் செய்தால், விற்பனையாளர் சொல்லுக்கும் யந்திரம் தரும் சான்றுக்கும் உள்ள வேற்றுமையை மாணவர் கண்ணாற் காண்பர். நாளை இந்நாட்டின் சர்வர்களை வடிவமைப்போரும் பராமரிப்போரும் அவர்களே.